படிக்கத் தெரியாதவன் தேவை

ஈசூன், சிங்கப்பூர்
11 மார்ச் 1984

வேலு,

இதை எழுதுவது நான்தான். மரியஅந்தோணி. பக்கத்தில் யாரும் உட்கார்ந்து எழுதித் தரவில்லை. வீட்டுக்காரி அல்போன்சம்மாள் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் எழுதத் தெரியாது. அதனால் அவள் மேல் சந்தேகப்படாதே.

நீ சிரம்பானில் மகள் வீட்டுக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். எப்படிப் போடுவேன்? எனக்குக் கடிதம் எழுதித் தருகிற ஆளே நீதானே.

போன வருடம் லூர்து மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பிறகு பெரியவர்களுக்குத் தமிழ் வகுப்பு வைத்தார்கள். ரூபி டீச்சர் நடத்துகிறார். நான் உள்ளே போனது அங்கே கொடுத்த காப்பிக்காக. பலகையில் மூடி இல்லாத பெட்டிக்கு ஒரு பக்கம் சுழி போட்ட மாதிரி ஒரு எழுத்து இருந்தது. "இது ம. உங்க பேரோட முதல் எழுத்து அங்கிள்" என்றார். அறுபத்திரண்டு வருடமாக என் பெயரைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அதன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். காப்பி ஆறிப்போனது.

இப்போது எதைக் கண்டாலும் படிக்கிறேன். சிராங்கூன் ரோட்டில் நடந்தால் வீடு வந்து சேர நேரமாகிறது. பாத்திரக் கடைப் பெயர், பூக்கடைப் பெயர், தைல பாட்டில். ஒரு சந்தில் 'இங்கே துப்பாதீர்' என்று எழுதியிருக்கிறது. வேலு, நான் வழக்கமாகத் துப்புகிற இடமே அதுதான்!

வேலை அதே வேலை. பெரிய கம்ப்யூட்டர் அதே கண்ணாடி அறையில் குளிர்ந்துகொண்டு இருக்கிறது. நான் அதே சின்ன ஜன்னலில் தாள் கட்டு கொடுத்துக் கட்டு வாங்குகிறேன். நீ போன பிறகு ஒரு புதுமை. வெளியே குமாஸ்தாக்கள் மேசையிலும் டெலிவிஷன் மாதிரி சின்னக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் ஒன்றோடொன்று பேசாது. மேசையில் இருப்பது சொல்வதை ஒரு மெல்லிய கறுப்புத் தட்டில் பதிந்து என்னிடம் தருகிறார்கள். ஜன்னலில் கொடுக்கிறேன். உள்ளே இருப்பது சொல்கிற பதிலைத் தட்டிலும் தாளிலும் வாங்கி வந்து தருகிறேன். சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி ஒரே வீட்டில் இருக்கிற மாதிரி. நடுவில் நான்.

எனக்கு எழுத வந்துவிட்டது என்று ஆபீசில் இன்னும் சொல்லவில்லை. ஒருநாள் ஆச்சரியப்படுத்தலாம் என்று இருக்கிறேன்.

உன் கையால் பதில் போடு. நானே படிப்பேன்.

மரியஅந்தோணி


சிரம்பான்
20 மார்ச் 1984

அன்புள்ள அந்தோணிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நம்பவில்லை. மகள் லீலாவிடம் காட்டினேன். "கோழி கிளறின மாதிரி இருக்குப்பா. ஆனா சந்தோஷமான கோழி" என்றாள். பிறகு நம்பினேன், மகிழ்ந்தேன். ராத்திரி சாப்பாட்டில் கைவைத்தபோது பயம் வந்தது.

ஆபீசில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். நல்லது. சொல்லாதே.

உன்னை எழுபத்தொன்றில் அந்த ஜன்னலுக்கு ஏன் எடுத்தார்கள்? உன் அழகுக்கா? ஜன்னலில் போகும் கட்டை உறையில் போட்டு ஒட்டக் கூடாது என்பது கம்ப்யூட்டர் அறையின் சட்டம். எத்தனை தாள் என்று மேலே எழுதி, கொடுக்கும் பக்கம் ஒரு தரமும் வாங்கும் பக்கம் ஒரு தரமும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் கட்டு முழுதும் திரும்பி வந்துவிடும். அது காப்புறுதிக் கம்பெனி, இன்சூரன்ஸ். திறந்து கிடக்கும் கட்டில் யாருக்கு என்ன வியாதி, யாருக்கு வேலை போகப்போகிறது எல்லாம் இருக்கும். அதனால் தூக்கிச் செல்கிறவனுக்குப் படிப்பு வாசனை கூடாது என்றார்கள். நான் அப்போது அங்கே குமாஸ்தா. 'என் நண்பன் இருக்கிறான், பேனாவைத் தலைகீழாகப் பிடிப்பான்' என்று சொல்லிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

ஐம்பத்தைந்து தாண்டிய பிறகு வருடா வருடம் ஜூன் மாதம் உனக்கு வேலையை நீட்டிக்கிற தாள் வருகிறதே, அதில் ஒரு வரி உண்டு: 'எனக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது.' அதன் கீழேதான் நீ கட்டைவிரல் வைக்கிறாய். இந்த ஜூனிலும் வை. படிப்பை வீட்டோடு வைத்துக்கொள்.

உன் நன்மையை நாடும்
வே. வேலாயுதம்


ஈசூன்
8 ஏப்ரல் 1984

வேலு,

உன் கடிதத்தை மூன்று நாள் படித்தேன். முதல் நாள் எழுத்துப் புரிந்தது. இரண்டாம் நாள் அர்த்தம் புரிந்தது. மூன்றாம் நாள் கோபம் வந்தது.

அந்தத் தாளில் இப்படி ஒரு வரி இருப்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? 'எத்தனையோ பேர் இருக்க, நம்பிக்கையான ஆள் என்று என்னைத்தான் ஜன்னலுக்கு வைத்திருக்கிறார்கள்' என்று. சம்பந்தி வீட்டில்கூட அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் என்னை நம்பவில்லை வேலு. என் கண் குருடு என்பதைத்தான் நம்பினார்கள்.

அந்த ஜன்னலின் சட்டம் ஒவ்வொன்றுக்கும் நான் கட்டுப்பட்டவன். ஜன்னல் பலகையில் என் நம்பர் மட்டும்தான் இருக்கிறது, வேறு யார் போனாலும் ஜன்னல் திறக்காது. உள்ளே கம்ப்யூட்டரில் தட்டுகிற ரபியா மணி அடித்தால்தான் நான் போகலாம். நானாகப் போய்த் தட்டக் கூடாது. கட்டு கொடுக்கும்போது வாயே திறக்கக் கூடாது. இந்தச் சட்டம் என்னால்தான் வந்தது. ஒருநாள் ரபியா தாளைப் பார்த்து நம்பர் நம்பராகத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருக்காமல் "நேத்து 131 பஸ் வரவே இல்லம்மா" என்றேன். அதையும் சேர்த்துத் தட்டிவிட்டாள். காத்தோங்கில் ஒரு சீனத்து அம்மாவுக்கு 131 வயது என்று கம்பெனியிலிருந்து கடிதம் போனது. அன்றிலிருந்து நான் ஊமை.

எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டேன். இதற்கு மாட்டேன். அந்தக் கறுப்புத் தட்டைப் பெரிய படிப்புப் படித்தவன்கூடக் கண்ணால் படிக்க முடியாது. அதைத் தூக்கவும் எனக்குப் படிக்கத் தெரியக் கூடாதாம்!

எனக்கு அந்த வேலை வேண்டும். காலையில் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஊருக்குள் போகிற ஆள் நான். எழுத்தும் வேண்டும். ரெண்டில் ஒன்றை விடு என்றால் விட மாட்டேன்.

ஒரு நல்ல செய்தி. மே மாதம் ஆறாம் தேதி பூசையில் முதல் வாசகம் வாசிக்க ரூபி டீச்சர் என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

மரியஅந்தோணி


சிரம்பான்
16 ஏப்ரல் 1984

அந்தோணி,

உனக்குப் புத்தி மழுங்கிவிட்டதா? ஆபீஸ் மேனேஜர் எட்மண்ட் எந்தக் கோயிலுக்குப் போகிறார்? உன் கோயிலுக்கு. குடும்பத்தோடு முன் வரிசைகளில் உட்காருகிறவர். அவர் காதுபட மைக்கில் வாசிக்கப் போகிறாயா?

தொண்டை கட்டிவிட்டது என்று சொல். வயிற்றுப்போக்கு என்று சொல். உன் சாமி மன்னிப்பார். கம்பெனி மன்னிக்காது.

நான் சொல்லாததற்குக் கோபப்பட்டிருக்கிறாய். அன்றைக்கு உனக்கு வேலை இல்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள். தாளில் இருப்பதை வரிக்கு வரி சொல்லி உன் ரோஷத்தைக் கிளறிவிட எனக்கு என்ன தலையெழுத்தா? இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

வேலாயுதம்


ஈசூன்
8 மே 1984

வேலு,

வாசித்தேன்.

புதுச் சட்டை. அல்போன்சம்மாள் இஸ்திரி போட்டாள். மேடையேறி நின்றதும் தாளில் எழுத்தெல்லாம் எறும்பாக ஓடியது. தலையைத் தூக்கினேன். மூன்றாம் வரிசையில் எட்மண்ட் சார். வாயைத் திறந்தபடி என்னைப் பார்க்கிறார். அவர் முகத்தைப் பார்த்ததும் எறும்பு நின்றது. ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். பங்குச் சாமியார் ரெண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும். நான் முடித்ததும் கோயில் முழுக்கச் சேர்ந்து பதில் சொன்னது. அத்தனை பேரும் எனக்குப் பதில் சொன்ன மாதிரி இருந்தது.

வெளியே காப்பி குடிக்கிற இடத்தில் எட்மண்ட் சார் வந்தார்.

"அண்ணே, நல்லா படிச்சீங்க."

"தேங்க்ஸ் சார்."

"நான் ஒண்ணும் கேக்கலை, ஓகே?"

"கேட்டீங்களே சார். தேர்ட் ரோ."

"அதில்லண்ணே. அடுத்த மாசம் தாள் வருது. வழக்கம் போல தம்ப் வெச்சிடுங்க. நான் பாக்கலை, கேக்கலை. முடிஞ்சுது லா."

அல்போன்சம்மாள் பக்கத்திலேயே நின்றாள். "சாமி முன்னாடி கேட்டதை கம்பெனி முன்னாடி கேக்கலைன்னு சொல்லுவீங்களா தம்பி?" என்றாள். அவர் காப்பியை வேகமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

நல்ல மனிதர்தான். இன்னொன்றும் சொன்னார். "எதுக்கண்ணே சண்டை? அடுத்த வருஷம் கம்பி போட்டுருவாங்க. மேசையில இருக்கிறதும் உள்ளே இருக்கிறதும் நேரா பேசிக்கும். நடுவுல ஒரு சின்ன ப்ரோகிராம் உக்காரும். லிஸ்ட்ல பேர் இருந்தாத்தான் உள்ளே விடும். எவ்வளவு நீளம்னு முதல்ல சொல்லணும், அப்புறம்தான் விஷயம். இடையில வேற ஏதாவது பேசினா எல்லாம் கெட்டுப் போயிரும்."

"சார், அது நான்தானே?"

அவர் சிரித்துவிட்டார். "ஆமாண்ணே. உங்களை மாதிரியேதான்."

"அது கட்டைவிரல் வைக்குமா சார்?"

அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

கம்பி வரட்டும் வேலு. எனக்கு அதன் மேல் ஒரு கோபமும் இல்லை. வருகிற நாள்வரை நான் என் பெயரோடு நடப்பேன்.

மரியஅந்தோணி


சிரம்பான்
15 மே 1984

அன்புள்ள அந்தோணி,

நீ வாசித்த கதையை லீலா மாப்பிள்ளையிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமைதான். அதைப் பிறகு பேசுவோம்.

எட்மண்ட் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். நுழைந்துவிடு. உனக்கு மனசாட்சி உறுத்தினால் அதற்கும் ஒரு வழி யோசித்தேன். உனக்குத் தெரிந்தது தமிழ். கம்பெனித் தாள் எல்லாம் ஆங்கிலம். அப்படியென்றால் ஜன்னலில் போவதை உன்னால் படிக்க முடியாது என்பது இன்றைக்கும் உண்மை. 'எந்த மொழியிலும்' என்கிற ஒரு வார்த்தைதான் இடிக்கிறது. அதை எட்மண்ட் மாற்றித் தரட்டும், நீ விரலை வை. யாருக்கும் பொய் இல்லை.

ஆபீசில் முப்பது வருடம் தாளோடு வாழ்ந்தவன் சொல்கிறேன். கேள்.

வேலாயுதம்


ஈசூன்
3 ஜூன் 1984

வேலு,

வெள்ளிக்கிழமை தாள் வந்தது.

எட்மண்ட் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். மை டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார். அறை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று துறைமுகத்துக் கப்பலைப் பார்த்தார். பாவம், பார்க்காமல் இருக்க முயற்சி செய்கிறார்.

நீ சொன்ன வழியையும் சொன்னேன். அவர் உடனே "தமிழ் மட்டும்னா ஓகேண்ணே, அந்த வார்த்தையை அடிச்சிடலாம்" என்றார். நான்தான் கெடுத்தேன். "சார், அடுத்த மாசம் கோயில்ல இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பிக்குது. பேர் குடுத்துட்டேன்" என்றேன். அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

பிறகு நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அந்த வரியின் கீழே, கட்டைவிரல் வைக்கிற இடத்தில், எழுத ஆரம்பித்தேன். நடுவில் போன் அடித்தது. அவர் எடுத்துப் பேசி வைத்தார். நான் இன்னும் 'அந்தோ'வில் இருந்தேன். முழுப் பெயரையும் எழுதி முடித்துத் தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன்.

"அண்ணே, எழுதத் தெரியாதுங்கிற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டா, அந்த வரியே பொய்யாயிடுதே."

"அதுக்குத்தான் சார் போட்டேன்."

வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். மேலே இருக்கிறவர்கள் முடிவு செய்வார்களாம். வருத்தமா என்று கேட்பாய். பஸ்ஸில் வரும்போது அந்தக் கையெழுத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். 'ணி' நன்றாக வந்திருந்தது. மறுநாள் காலையில்தான் சட்டையைப் போட்டுவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மரியஅந்தோணி


சிரம்பான்
18 ஜூன் 1984

மரியஅந்தோணிக்கு,

கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. 1971-இல் நான் கொடுத்த சாட்சி பொய்யா, அல்லது நீ இத்தனை வருடம் ஏமாற்றினாயா என்று கேட்கிறார்கள். அறுபத்தைந்து வயதில், நான்கு வருடமாகப் பேரனுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருக்கிறவனிடம்.

முப்பது வருடத்தில் என் மேல் ஒரு கறை விழுந்ததில்லை. உன் ஒரு பேனாவால் விழுந்தது. சந்தோஷமா?

இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதத் தெரிந்துவிட்டது என்பதற்காக எல்லாருக்கும் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

வே. வேலாயுதம்


ஈசூன்
1 ஜூலை 1984

வேலு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். நீ படிக்காவிட்டால் லீலா படிக்கட்டும்.

உனக்குக் கறை விழுந்தது எனக்கு வலிக்கிறது. ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ அன்று சொன்னது உண்மை. நான் இன்று போட்ட கையெழுத்தும் உண்மை. இரண்டு உண்மைக்கு நடுவில் கறை எங்கிருந்து வந்தது? அந்தத் தாளிலிருந்து வந்தது. அவர்களைக் கேள்.

இனி சிரிக்கிற சமாச்சாரம். ரபியா எங்கள் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில்தான் இருக்கிறாள். அவள் வந்து சொன்னாள். என் இடத்துக்கு ஆள் தேடுகிறார்களாம். முதலில் தபால் பிரிக்கிற ஹனீபாவைக் கூப்பிட்டார்கள். அவர் காலையில் தமிழ்ப் பேப்பர், மத்தியானம் மலாய்ப் பேப்பர் படிக்கிறவர். "தெரியாதுன்னு தம்ப் வைங்க" என்றதற்கு, "எங்க அத்தா கப்பல்ல மூட்டை தூக்கி என்னைப் படிக்க வெச்சாரு சார். அவர் இருந்தா உங்களை அடிப்பாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். தரை துடைக்கிற அம்மா சீனத்தில் கதைப் புத்தகம் படிக்கிறார். உட்லண்ட்ஸ் வழியாக எல்லை தாண்டித் தினமும் ஜொகூரிலிருந்து வருகிற ஒருவனைக் கூட்டி வந்தார்கள். அவனுக்கு மூன்று மொழி தெரியும். வேலை கிடைக்க வேண்டுமே என்று, 'படிக்கத் தெரியாது' எனப் பொய் சொன்னான். பிறகு சுவரில் இருந்த 'புகைபிடிக்காதீர்' பலகையைப் பார்த்து சிகரெட்டை அணைத்தான்!

இந்த ஊரில் படிக்கத் தெரியாதவன் ஒருத்தன்தான் மிச்சம் இருந்தான். அவனையும் ரூபி டீச்சர் கெடுத்துவிட்டார்.

அங்கே வேலை நாறுகிறதாம். ரபியா மணி அடிக்கிறாள், யாரும் வருவதில்லை. குமாஸ்தாக்களே தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், பலகையில் நம்பர் இல்லாததால் ஜன்னல் திறப்பதில்லை. மேசைக் கம்ப்யூட்டர் ஒரு கணக்குச் சொல்கிறது, உள்ளே இருப்பது வேறு கணக்குச் சொல்கிறது.

எனக்கும் வீட்டில் நாறுகிறது வேலு. வேலை வேண்டும். அல்போன்சம்மாள் காலில் இடித்துக்கொண்டே இருக்கிறேனாம்.

மரியஅந்தோணி


சிரம்பான்
9 ஜூலை 1984

அந்தோணி,

உன் கடிதத்தைப் படிக்கவில்லை. லீலா சத்தமாகப் படித்தாள், காதில் விழுந்தது.

சிகரெட் அணைத்தவன் கதையில் அவளுக்குப் புரையேறிவிட்டது. பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, நீங்க அன்னிக்கு எதுக்கு சாட்சி சொன்னீங்க? அவருக்குப் படிக்கத் தெரியாதுன்னா, இல்லை அவர் நல்லவர்னா?" என்றாள். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேள்வியை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கம்பெனிக்குப் பதில் எழுதிவிட்டேன். உனக்குப் புரியும்படி தமிழில் தருகிறேன்: 'நான் 1971-இல் கொடுத்த சாட்சி அன்றைக்கு உண்மை. அதைத் திரும்பப் பெற மாட்டேன். திரு. மரியஅந்தோணிக்கு இன்று எழுதப் படிக்கத் தெரியும் என்பதற்கும் நானே சாட்சி. அவர் தூக்கிய கட்டில் ஒரு தாள் குறைந்ததாக உங்களிடம் ஏதாவது பதிவு இருந்தால் எனக்கு அனுப்பவும். இல்லையென்றால் என்னிடம் வேறு கேள்வி கேட்க வேண்டாம்.'

ஆங்கிலத்தில் இன்னும் கொஞ்சம் காரமாக இருக்கும்.

உனக்காக எழுதவில்லை. என் கையெழுத்துக்காக எழுதினேன்.

வேலாயுதம்


ஈசூன்
23 ஜூலை 1984

வேலு,

சனிக்கிழமை எட்மண்ட் சார் வீட்டுக்கே வந்தார். லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காது. ரெண்டு மாடி படியேறி வியர்த்துப்போய் நின்றார். கையில் தாள். அல்போன்சம்மாள் டீ போட்டாள்.

"அண்ணே, அந்த வரியை எடுத்துட்டோம். தம்ப் வேணாம். சும்மா கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுங்க."

"வரியை எடுத்துட்டு அங்க என்ன சார் போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லை. வெறும் இடம்."

"வெறும் இடம் வேணாம் சார். நான் சொல்றதைப் போடுங்க. 'எனக்குப் படிக்கத் தெரியும். ஜன்னலில் போவதைப் படிக்க மாட்டேன்.'"

அவர் டீயைக் கீழே வைத்தார். "அண்ணே, தெரியாதுன்னா நாங்க சோதிச்சுப் பாக்கலாம். தெரியும், ஆனா படிக்க மாட்டேன்னா, அதை எப்படி சோதிக்கிறது?"

"முடியாது சார். நம்பணும்."

கீழே கோப்பிக் கடையில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அல்போன்சம்மாள் அவர் முன்னால் பிஸ்கட் தட்டை நகர்த்தினாள். "இதுக்கு மேல இருக்கிறவங்க ஒத்துக்கணும்" என்றார். "கேட்டுட்டு வாங்க. நான் எங்கயும் போகலை" என்றேன். "உங்க ஃப்ரெண்ட் வேலாயுதம் எழுதின லெட்டர் ஆபீஸ் மாடி முழுக்கச் சுத்துதுண்ணே" என்றும் சொன்னார். நீ ஆங்கிலத்தில் என்னடா எழுதினாய்?

படியிறங்கும்போது திரும்பி, "ஒத்துக்கலைன்னா?" என்று கேட்டார்.

"ஒத்துக்கலைன்னா கம்பி வர்ற வரைக்கும் நீங்களே தூக்குங்க சார்" என்றேன். அல்போன்சம்மாள் என் முதுகில் கிள்ளினாள்.

மரியஅந்தோணி


சிரம்பான்
2 ஆகஸ்ட் 1984

அந்தோணி,

பத்து நாளாக ஒரு வரி இல்லை. என்ன ஆனது? ஒத்துக்கொண்டார்களா, இல்லையா? லீலா தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நானும் தற்செயலாக அங்கே நிற்கிறேன்.

ஒருவேளை ஒத்துக்கொண்டிருந்தால் ஒரு விஷயம். எட்மண்டை ஹாங்காங் ஆபீசுக்கு மாற்றப்போகிறார்கள் என்று பழைய ஆபீஸ் நண்பர்கள் மூலம் ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது. அப்படி ஏதாவது தாள் உன் கண்ணில் பட்டதா? நமக்குள் இருக்கட்டும்.

வேலு


ஈசூன்
12 ஆகஸ்ட் 1984

வேலு,

ஒத்துக்கொண்டார்கள். நான் சொன்ன இரண்டு வரியும் ஆங்கிலத்தில் அடித்து வந்தது. ரபியாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். எட்மண்ட் சாரும் படித்துக் காட்டினார். ரெண்டு பேர் படித்ததும் ஒரே மாதிரி இருந்தது. பிறகு போட்டேன். இந்தத் தடவை வேகமாகப் போட்டேன்.

மறுநாள் மணி அடித்தது. கட்டு வந்தது. மேல் தாளில் இத்தனை தாள் என்று போட்டிருந்தது. எண்ணினேன், சரியாக இருந்தது. தூக்கிக்கொண்டு நடந்தேன். அப்போதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. இங்கிலீஷ் வகுப்பில் பெரிய எழுத்து எல்லாம் முடித்துவிட்டோம். கண் இருக்கிறதே வேலு, அது என்னைக் கேட்காமலே படிக்கப் பார்க்கிறது. ஒரு எழுத்தைப் பிடித்ததும் அடுத்ததைத் தேடுகிறது. முன்பு எந்தக் கட்டும் எனக்குக் கனமில்லை. இப்போது ஒவ்வொரு கட்டும் கனமாக இருக்கிறது.

அதனால் தலையை நிமிர்த்திக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி நடக்கிறேன். குமாஸ்தாக்கள் "அண்ணனுக்கு என்ன திமிர் பாரு லா" என்கிறார்கள். முதல் நாளே மேசை முனையில் முழங்காலை இடித்துக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். கட்டைக் கீழே விடவில்லை.

எட்மண்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். நீ கேட்டாலும் சொல்ல மாட்டேன், டேய்.

மரியஅந்தோணி